மேட் இன் ஜப்பான்: மேடையில் நடந்தது எவ்வளவு, மேசையில் நடந்தது எவ்வளவு?

டீப் பர்பிள் என்ற ராக் இசைக்குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’ லைவ் ஆல்பம் உண்மையிலேயே மேடையில் வாசித்ததுதானா, இங்கிலாந்துக்காரர்கள் ஏன் அதை ஜப்பானில் போய்ப் பதிவு செய்தார்கள், இப்போது வாங்கினால் எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘லைவ் ஆல்பம் என்று வருவதெல்லாம் ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்டதுதான் என்று நண்பர் சொல்கிறார், அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.’ உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இத்தனை வருடம் கேட்டு மெய்சிலிர்த்தது நிஜமாக நடந்த ஒன்றா, இல்லை யாரோ உட்கார்ந்து ஜோடித்ததா? இது நியாயமான கவலை. எனக்கும் இருபது வயதில் இருந்தது.

நான் இருபத்தாறு வருடமாகச் சென்னையில் சவுண்ட் வேலை செய்கிறவன். பாதி நாள் மேடையில், பாதி நாள், தனித்தனியாகப் பதிவு செய்த சத்தங்களை அளவாகக் கலக்கும், அதாவது மிக்ஸ் செய்யும் அறையில். ராக் வரலாறு எனக்குத் தொழில் அல்ல, பிரியம் மட்டும்தான். ஆனால் ஒரு கச்சேரி டேப்பில் ஏறும்போது என்ன நடக்கும், பிறகு அதை எவ்வளவு மாற்ற முடியும், எங்கே முடியாது என்பது கை பழகிய விஷயம். அந்த இடத்தில் நின்று சொல்கிறேன்: உங்கள் நண்பர் பல ஆல்பங்களைப் பற்றிச் சொல்வது சரி. இந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்வது தவறு.

முதலில், சந்தேகமே இல்லாத விவரங்கள். பதிவானது 1972 ஆகஸ்ட் 15, 16, 17 என்று அடுத்தடுத்த மூன்று இரவுகளில். முதல் இரண்டும் ஒசாகாவில், மூன்றாவது டோக்கியோவின் நிப்பான் புடோகானில். வாசித்தவர்கள் இயன் கில்லன் (பாட்டு), ரிச்சி ப்ளாக்மோர் (கிட்டார்), ஜான் லார்ட் (ஆர்கன்), ரோஜர் க்ளோவர் (பேஸ் கிட்டார்), இயன் பெய்ஸ் (டிரம்ஸ்). பதிவு செய்தவர் மார்ட்டின் பிர்ச். பின்னாளில் அயர்ன் மெய்டன் என்ற இன்னொரு ராக் குழுவின் ஆல்பங்களை வரிசையாகத் தயாரித்த அதே மனிதர். கருவி எட்டு ட்ராக் டேப் மெஷின், அதாவது எட்டுத் தனித்தனித் தடங்களில் பதிவது. இங்கிலாந்தில் 1972 டிசம்பரிலேயே இரட்டை எல்பியாக வந்துவிட்டது. ஏழே பாடல்கள், மொத்தம் ஏறக்குறைய 76 நிமிடம். பதிவுக்கு ஆன செலவு சுமார் 3,000 டாலர்தான் என்று இசைக்குழுவினரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் ஜப்பான் என்ற கேள்விக்கு விடை, அவர்கள் அங்கே போய்ப் பதிவு செய்யத் திட்டம் போடவே இல்லை என்பதுதான். கேட்டது ஜப்பானின் வார்னர் நிறுவனம். இசைக்குழு முதன்முறையாக அந்த நாட்டுக்கு வருகிறது, அங்கே ரசிகர்கள் ஏராளம், அந்தச் சுற்றுப்பயணத்தின் நினைவாக ஜப்பானில் மட்டும் விற்க ஒரு லைவ் ஆல்பம் வேண்டும் என்றார்கள். இசைக்குழுவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. மேடையில் வாசிப்பது அந்தக் கணத்தோடு முடிந்துவிட வேண்டியது, அதை எல்பியில் பிடிக்க முடியாது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. அதனால் நிபந்தனை போட்டார்கள்: பதிவு செய்பவர் எங்கள் ஆளாக இருக்க வேண்டும், டேப் எங்கள் கைக்கு வர வேண்டும், மிக்ஸிங் நாங்கள்தான் செய்வோம். இந்த நிபந்தனைகள் இல்லாவிட்டால் நாம் இன்று கேட்கும் சத்தம் கிடைத்திருக்காது. டேப்பைக் கேட்ட பிறகுதான் இதை ஜப்பானுக்கு வெளியிலும் வெளியிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஜப்பானில் அது ‘லைவ் இன் ஜப்பான்’ என்ற பெயரில், வேறு அட்டையோடு வந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நமக்கெல்லாம் பழக்கமான அந்தப் பொன்னிற அட்டையில் இருக்கும் மேடைப் படம் ஜப்பானில் எடுத்ததே அல்ல, லண்டனில் எடுத்தது. ஆக, ஒட்டுப்போட்ட வேலை இந்த ஆல்பத்தில் ஒன்று உண்டென்றால் அது அட்டையில்தான் இருக்கிறது.

இனி என் தொழில் சார்ந்த பகுதி. ‘லைவ் ஆல்பத்தில் கைவைப்பது’ என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ஒன்று, பல இரவுகள் பதிவு செய்து ஒவ்வொரு பாடலுக்கும் நன்றாக வந்த இரவைப் பொறுக்கி எடுப்பது. இரண்டு, ஒரே பாடலுக்குள் வெட்டி, ஒரு இரவின் பாதியையும் இன்னொரு இரவின் பாதியையும் சேர்ப்பது. மூன்று, ஸ்டூடியோவுக்குள் போய்ப் பாட்டையோ கிட்டாரையோ புதிதாக வாசித்து, மேடையில் வாசித்ததன் மேல் ஏற்றுவது. மூன்றாவதைத்தான் ஓவர்டப் என்கிறோம். நம்மூர்க் கச்சேரி கேசட்டுகளில் முதலாவது சாதாரணமாக நடந்தது, யாரும் அதை ஏமாற்று என்று சொன்னதில்லை. உங்கள் நண்பர் குறை சொல்வது மூன்றாவதை. ‘மேட் இன் ஜப்பான்’ முதல் வகையைச் சேர்ந்தது. ஓவர்டப் கிடையாது.

பொறுக்கியது எப்படி என்பதும் தெரிந்த கதைதான். ‘ஹைவே ஸ்டார்’, ‘சைல்ட் இன் டைம்’, ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’, ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ நான்கும் ஒசாகாவின் இரண்டாம் இரவு. ‘தி ம்யூல்’, ‘லேஸி’ இரண்டும் டோக்கியோ. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ மட்டும் ஒசாகாவின் முதல் இரவு. ஏன் முதல் இரவு என்றால், மூன்று இரவுகளில் ப்ளாக்மோர் அந்தப் பாட்டின் கிட்டார் தொடக்கத்தைத் திருத்தமாக, ஸ்டூடியோவில் வாசித்ததைப் போலவே வாசித்தது அன்று ஒரு நாள்தான். மற்ற இரண்டு இரவும் அவர் அதைத் தன் போக்கில் வளைத்து விளையாடினார். உலகத்தில் கிட்டார் தொட்ட அத்தனை பேரும் முதலில் வாசித்துப் பார்க்கும் அந்தச் சில சுரங்கள், அதைப் படைத்தவருக்கே மேடையில் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு மாதிரி வந்திருக்கின்றன. ஓவர்டப் செய்கிற பழக்கம் உள்ளவர்களாக இருந்தால் இரவு பார்த்துத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மூன்று இரவில் எது சிறந்ததோ அதை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தை மட்டும் லண்டனில் வாசித்து ஒட்டியிருப்பார்கள். முதல் இரவுக்குப் போய் எடுத்தது, அவர்கள் வேறு வழி வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டுகிறது.

எட்டு ட்ராக் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். இன்று ஒரு கல்யாண மெல்லிசைக் குழுவுக்கே 32 சேனல் எடுக்கிறோம். டிரம்ஸுக்கு மட்டும் எட்டுக்கு மேல் மைக் வைக்கிறோம். 1972இல் டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன், பாட்டு, அரங்கின் கைதட்டல் எல்லாம் சேர்த்து எட்டே தடங்கள். அப்படியென்றால் டிரம்ஸ் மைக்குகளை அந்த இடத்திலேயே, வாசிக்கும்போதே கலந்து ஓரிரு தடங்களுக்குள் அடக்கியாக வேண்டும். ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஸ்நேர் டிரம் சற்றுத் தூக்கலாகப் போய்விட்டால் காலத்துக்கும் தூக்கல்தான். பெய்ஸ் வாசிப்பது இந்த ஆல்பத்தில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். பிர்ச் எடுத்த முடிவுகள் எல்லாமே அந்த நிமிடத்தில் எடுத்தவை. என் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த ஆல்பத்தின் முன்னால் கைகூப்புவதற்குக் காரணம் இதுதான்.

அதைவிட முக்கியமானது ப்ளீட் என்று நாங்கள் சொல்வது. ஒருவர் மைக்கில் பக்கத்தில் இருப்பவரின் சத்தம் கசிந்து ஏறுவது. என் அனுபவத்தில் ஒன்று சொன்னால் புரியும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு சபையின் மார்கழிக் கச்சேரியைத் தடம் தடமாகப் பதிவு செய்தேன். பாடகருக்கு ஒரு சங்கதி சரியாக வரவில்லை என்று வருத்தம். ஸ்டூடியோவில் அந்த ஒரு வரியைத் திரும்பப் பாடினார், அருமையாகப் பாடினார். அதை மேடைப் பதிவில் வைத்து ஓட்டிப் பார்த்தால், அந்த வரி வரும்போது மட்டும் மிருதங்கத்துக்கு உயிர் போய்விடுகிறது. ஏனென்றால் மேடையில் அவருடைய பாட்டு மைக்கில் மிருதங்கமும் வயலினும் ஏறியிருந்தன. பாட்டை எடுத்தால் அவையும் சேர்ந்து போயின. அரங்கத்தின் காற்றே அந்த நான்கு விநாடி நின்றுபோனது போல் இருந்தது. கடைசியில் அவரே ‘பழையதையே வை தம்பி’ என்று சொல்லிவிட்டார். கர்நாடகக் கச்சேரிக்கே இந்தப் பாடு. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர்கள் வழியாக அலறவிடும் மேடையில், ப்ளாக்மோரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் பக்கத்தில் இடிக்கும் மேடையில், கில்லனின் மைக்கில் என்னென்ன ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வரியைப் பிடுங்கினால் சுவரே சரியும். முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். செய்தவர்கள் உண்டு. ஆனால் செய்தால் பெரும்பாலும் முழுப் பாடலையும் செய்ய வேண்டிவரும்.

மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தவர்கள் க்ளோவரும் பெய்ஸும்தான். கில்லனும் ப்ளாக்மோரும் வந்து பார்க்கவே இல்லை என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. எனக்கு இது இன்னொரு சாட்சி. திருத்த நினைக்கிற பாடகரும் கிட்டார்காரரும் அந்த அறையை விட்டு நகரமாட்டார்கள். இதை நான் பல ஸ்டூடியோக்களில் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் நண்பர் பக்கத்து நியாயம். அவர் காற்றிலிருந்து பிடித்துச் சொல்லவில்லை. 1978இல் வந்த, தின் லிஸி என்ற ராக் குழுவின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, முக்கால் பங்கு ஸ்டூடியோவில் செய்தது என்கிறார். இசைக்குழுப் பக்கத்தில் இருந்தவர்கள் அதை மறுத்து, முக்கால் பங்கு மேடையில் வாசித்ததுதான் என்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் தீராத வழக்கு. அதே வருடம் ஏப்ரலில் சீப் ட்ரிக் என்ற அமெரிக்க ராக் குழுவினர் ஜப்பான் போனார்கள். ‘அட் புடோகான்’ வந்தது. அதுவும் ஜப்பானில் மட்டும் விற்க எடுத்ததுதான், அமெரிக்காவில் இறக்குமதியாக வந்த எல்பிகளுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 1979இல் அங்கேயும் வெளியிட்டார்கள். பெயரில் புடோகான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பதில் ஒசாகா எவ்வளவு, புடோகான் எவ்வளவு என்பதில் சம்பந்தப்பட்டவர்களுக்குள்ளேயே ஒத்த பேச்சு இல்லை. இத்தகைய விஷயத்தில் யாராவது உறுதியாக ஒரு சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். முக்கியமாக, காதால் கேட்டே ஓவர்டப்பைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று என் தொழில்காரர் யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். மோசமாகச் செய்த ஓவர்டப்பைக் காது பிடிக்கும். நன்றாகச் செய்ததைப் பிடிக்காது. ‘மேட் இன் ஜப்பான்’ விஷயத்தில் நான் உறுதியாகப் பேசுவது என் காதை நம்பி அல்ல. மூன்று இரவுகளின் டேப்பும் பின்னாளில் வெளியாகிவிட்டன, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதை நம்பித்தான்.

அரங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதை யாரும் பேசுவதில்லை. புடோகான் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ நடத்தக் கட்டிய எண்கோண மண்டபம். 1966இல் பீட்டில்ஸ் அங்கே பாடிய பிறகு ராக் இசைக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது, ஆனால் இசைக்காகக் கட்டியதல்ல. சத்தம் மேலே போய்ச் சுற்றித் திரும்பி வரும் இடம். ஒசாகாவில் அவர்கள் வாசித்த ஃபெஸ்டிவல் ஹால் நேர்மாறு. மேற்கத்திய சாஸ்திரிய இசையை மனத்தில் வைத்து 1958இல் திறந்தது. இசைக்குழுவினருக்கு மனத்துக்கு நிறைவாக வாசித்தது டோக்கியோ இரவுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் ஆல்பத்தில் ஏழில் ஐந்து பாடல்கள் ஒசாகா. மண்டபத்தின் ஒலிதான் இதைத் தீர்மானித்தது என்பது என் ஊகம், எழுத்துச் சாட்சி கிடையாது. ஆனால் இப்படி ஒரு தேர்வு என் முன்னால் வந்தால் நானும் ஒசாகா டேப்பைத்தான் முதலில் எடுப்பேன். மறு வருடம், 1973இல், சந்தானா ராக் குழு தன் ‘லோட்டஸ்’ மூன்று எல்பி ஆல்பத்தைப் பதிவு செய்ததும் ஒசாகாவில்தான்.

இதெல்லாம் கணக்கு வழக்கு. உங்களை மெய்சிலிர்க்க வைத்தது வேறு, அதையும் சொல்ல வேண்டும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொன்த்ரோவில் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ நாலரை நிமிடப் பாட்டு. எட்டு மாதம் கழித்து ஒசாகாவில் அது ஏறக்குறைய இருபது நிமிடம், எல்பியின் ஒரு முழுப் பக்கம். நடுவில் வரும் அந்த நீண்ட ஆலாபனைப் பகுதி அந்தப் பாட்டுக்கே சொந்தமானதல்ல. முன்பு ‘மேண்ட்ரேக் ரூட்’ என்ற பழைய பாட்டின் நடுவில் இரவுக்கிரவு வாசித்து வளர்த்ததை இதற்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அதாவது அந்த இருபது நிமிடத்துக்குப் பின்னால் சில வருட மேடை இருக்கிறது. ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ நடுவே கில்லனின் குரலும் ப்ளாக்மோரின் கிட்டாரும் ஒன்றை ஒன்று துரத்தும் இடம், நம் கச்சேரியில் பாடகர் விட்டதை வயலின் ஏந்தி வாசிக்கிற மாதிரி, ஆனால் விளையாட்டும் வம்பும் கலந்தது. இதை ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்ய முடியாது. எதிரில் ஆள் இருக்க வேண்டும், தோற்கும் பயம் இருக்க வேண்டும். பாடல்களுக்கு நடுவே, ‘எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைக்க முடியுமா’ என்று, மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் சத்தம் கேட்க வைக்கும் மானிட்டர்காரரிடம் கேட்பது பதிவாகியிருக்கிறது. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு கலைஞரும் என்னிடம் கேட்பது இதைத்தான்.

அந்த ஐந்து பேரின் கூட்டு அதற்குப் பிறகு நெடுநாள் நிற்கவில்லை. ஆல்பம் கடைக்கு வந்த சமயத்திலேயே கில்லன் விலகும் முடிவில் இருந்தார். 1973 ஜூன் 29 அன்று, மறுபடியும் ஜப்பான், மறுபடியும் ஒசாகா, அங்கே வாசித்துவிட்டு அவரும் க்ளோவரும் பிரிந்துபோனார்கள். அமெரிக்காவில் ஆல்பம் வெளியானது அந்த 1973இல்தான். அங்கே விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. அதே வருடம் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ சிங்கிளாக வந்து 4ஆம் இடத்தைத் தொட்டது. அந்தத் தட்டின் ஒரு பக்கம் ஸ்டூடியோ வடிவம், மறுபக்கம் ஜப்பானில் வாசித்தது.

எந்தப் பதிப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் முறை வாங்குவதென்றால் மூல ஆல்பத்தையே வாங்குங்கள். ஏழு பாடல்களின் அந்த வரிசையை க்ளோவரும் பெய்ஸும் யோசித்து அடுக்கினார்கள், அதற்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. 1998 மறுபதிப்பில் கடைசியில் கூட்டம் கேட்டு வாங்கிய பாடல்களும் தனித் தட்டில் இருக்கின்றன, அது கிடைத்தால் இன்னும் நல்லது. 1993இல் ‘லைவ் இன் ஜப்பான்’ என்று மூன்று சிடி வந்தது, மூன்று இரவுகளின் பெரும்பகுதி அதில் உண்டு. முழுவதும் வேண்டுமென்றால் 2014இல் வந்த பெரிய தொகுப்பு. விலை அதிகம், ஆனால் உங்கள் மனக்குறைக்கு மருந்து அதில்தான் இருக்கிறது. பழைய எல்பி தேடினால், நான்காம் பக்கத்தை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எல்லோரும் ‘ஸ்மோக்’ இருக்கும் பக்கத்தைத்தான் சோதிப்பார்கள். உண்மையில் அதிகம் தேய்ந்திருப்பது ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ பக்கமாக இருப்பதை நான் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டேன்.

உங்கள் நண்பரை ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். 2014 தொகுப்பில் 15, 16, 17 மூன்று இரவுகளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ தொடக்கத்தை மட்டும், முதல் ஒரு நிமிடம், அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். அதன் பிறகு மூல ஆல்பத்தில் இருப்பதைப் போடுங்கள். அது எந்த இரவு என்று அவரே சொல்லிவிடுவார்.